கூட்டத்தில் சொன்ன அர்த்தம்

ஹெட்விகா ப்ர்னோ நகரத்துச் சலவை நிலையத்தில் மருத்துவமனை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் ஓர் அடைமொழி அவள் வாயில் ஒட்டிக்கொண்டது, கணவன் ஓட்டகரால். பள்ளி வாத்தியாராக இருந்தவனை, அறுபத்தெட்டில் சோவியத் டாங்கிகள் வந்தபிறகு, கொதிகலனுக்குக் கரி தள்ள அனுப்பிவிட்டார்கள்.

அங்கே தடைசெய்யப்பட்ட ஓர் ஆங்கிலேய எழுத்தாளரின் பெயரை வைத்து உண்டான சொல் அது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஊரில் அத்தனை வருடம் இருந்தவனுக்குக் கை வராது. ஓட்டகர் வீட்டில் அதை எதற்கும் போடுவான். சாப்பாட்டுக்கூடத்தில் வெறும் தண்ணீருக்கு மாட்டிறைச்சி சூப் என்று பலகை வைத்தால் அதுதான். வராதவன் பெயரைக் குறித்துக்கொள்கிற ஊர்வலத்துக்குத் தன்னார்வ ஊர்வலம் என்று பெயர் வைத்தாலும் அதுதான். ஹெட்விகா வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

மகள் யித்கா மருத்துவம் படிக்க விண்ணப்பித்தாள். மதிப்பெண் மட்டும் போதாது, குடும்பத்தைப் பற்றிக் கட்சியின் தெருக்குழு நல்லபடியாகச் சொல்லவேண்டும். அதனால் விழா நாட்களில் செக்கோஸ்லோவாக்கியக் கொடியோடு சோவியத் கொடியும் அவர்கள் ஜன்னலில் தவறாமல் தொங்கியது. எந்த ஜன்னலில் கொடி இல்லை என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகிறவர் கீழ்வீட்டு வாவ்ரா, தெருக்குழுச் செயலாளர்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆரஞ்சு வாங்க ஹெட்விகா நின்ற வரிசையில் அவரும் நின்றார். கடைக்குள் பழம் தீர்ந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் பத்திரிகையை விரித்து, "இந்த வருஷம் பழம் கொட்டிக் கெடக்குதாம்!" என்றார். ஹெட்விகா சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை விட்டாள்.

வாவ்ரா திரும்பினார். "அப்படின்னா என்ன தோழர்? எனக்குப் புரியலயே."

தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பாவி, விளக்கினாள். "நம்ம கண்ணு பாக்குறது பொய்யி, அவங்க சொல்றதுதான் நெசம்னு ஆக்கிடுறது. அதத்தாங்க அப்படிச் சொல்றது."

"அட, அழகா சொல்றீங்களே! எங்க படிச்சீங்க?"

அர்த்தம் தெரிந்திருப்பதே குற்றம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆரஞ்சு வாங்காமல் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் வாவ்ராவே வந்தார். கோபமே இல்லை. "பயப்படாதீங்க. அது முதலாளித்துவ நாடுங்களப் பத்தின சொல்லு. குடியிருப்புக் கூட்டத்துல எழுந்து இதச் சொல்லிடுங்க. பொண்ணு விஷயத்த நான் பாத்துக்குறேன்."

அவர் போனதும் ஓட்டகர், "வேணாம் ஹெட்விகா," என்றான்.

"உன் ஒத்தச் சொல்லுக்காக எம் பொண்ணும் கரி தள்ளணுமா?"



கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். மேற்கு நாடுகளில்தான் மக்களை அப்படி ஏமாற்றுகிறார்கள், இங்கே அந்தச் சொல்லுக்கு வேலையில்லை, அறியாமல் பேசிவிட்டேன் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஓட்டகரும் தட்டினான். தட்டாத கையை வாவ்ரா பார்ப்பார் அல்லவா? அந்தக் கைதட்டல்தான் அவளை அறுத்தது. அன்றோடு அவன் வீட்டில் அந்தச் சொல்லை விட்டுவிட்டான். பேச்சையே பாதி விட்டுவிட்டான்.

கோடையில் யித்கா நுழைவுத் தேர்வில் தேறினாள். ஆனால் கல்லூரியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். "நான் நல்லபடியாத்தான் சொன்னேன், மேல என்ன நடந்துச்சோ," என்று வாவ்ரா கையை விரித்தார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால் யாருக்கு என்ன லாபம்? யித்கா சலவை நிலையத்தில் அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் இஸ்திரி போட நின்றாள்.

ஒருநாள் இருவரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வேறு யாருமில்லை. அம்மாவைச் சிரிக்க வைக்கலாம் என்று யித்கா சொன்னாள்: "காலேஜு வகுப்புல பாதி பெஞ்சு காலியாம்மா. ஆனா இடமில்லையாம். அப்பாவோட சொல்லு இதுக்குக் கச்சிதமாப் பொருந்துமில்ல?"

"அது மேல்நாட்டுக்காரங்களச் சொல்றதுடி," என்றாள் ஹெட்விகா. "இங்க இடமில்ல. அதான் குடுக்கல."

யித்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா நடிக்கவில்லை.