மூன்றாம் ரியாக்டரின் அமைதி

பொழிச்சலூர் ஷாயிஸ்தா, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பெயின்ட்டுக்கான பிசின் காய்ச்சும் ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். பிசின் கொதிக்கும் பெரிய கலன்களை அங்கே ரியாக்டர் என்பார்கள். அவற்றின் சூட்டைக் கண்காணிக்கும் கன்ட்ரோலர்கள் எல்லாம் அவள் பொறுப்பு.

மூன்றாம் ரியாக்டரில் ஒரு தொந்தரவு. கலக்கும் மோட்டார் ஓடத் தொடங்கினாலே சூடு காட்டும் எண் தாறுமாறாகத் துள்ளும், அலாரம் அலறும். உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. சென்சார் கேபிள், மோட்டாரின் பவர் கேபிளோடு உரசிக்கொண்டு போனதுதான் காரணம். அதைப் பிரித்துப் போட அரை நாள் உற்பத்தியை நிறுத்த வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் ஸ்ரீவத்சன் சம்மதிக்கவில்லை.

"எண் துள்றதை மட்டுப்படுத்த கன்ட்ரோலர்லயே ஃபில்டர் இருக்குல்ல? அதை நல்லா ஏத்தி விடுங்க. அலாரம் லிமிட்டையும் தள்ளி வைங்க. சத்தம் போயிடும்."

"சத்தம் மட்டும்தான் சார் போகும். ஃபில்டரை அவ்வளவு ஏத்தினா, நிஜமாவே சூடு ஏறும்போதும் ஸ்கிரீன்ல தாமதமாத்தான் தெரியும். லிமிட்டும் தள்ளிப் போச்சுன்னா, அலாரம் அடிக்கிறப்போ பொங்கி முடிஞ்சிருக்கும்."

"ரொம்பப் பயப்படறீங்க மேடம்" என்று சிரித்தார் அவர்.

தங்கை கைனாத்தின் நிக்காஹுக்கு அவள் லீவு போட்டிருந்தபோது, வெளியாள் ஒருவரை வரவழைத்து இரண்டையும் மாற்றிவிட்டார். ஆலை அமைதியானது.

கையில் மருதாணி சிவப்பு மாறாமல் அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. மூன்றாம் ரியாக்டர் பொங்கிவிட்டது. எண் சரியாக இருக்கிறதே என்று நம்பி மேலே ஏறிய ஆபரேட்டர் முனிரத்தினத்தின் வலது கையில் கொதிக்கும் பிசின் வழிந்திருந்தது.

ஷாயிஸ்தா ஓடிப்போய்க் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தாள். ஃபில்டர் உச்சத்தில் இருந்தது. அலாரம் லிமிட்டும் தள்ளிப் போயிருந்தது.

"சென்சார் பழுதுன்னு ரிப்போர்ட் குடுத்துடுங்க" என்றார் ஸ்ரீவத்சன், முகத்தைப் பார்க்காமல்.

"சென்சார் ஒழுங்காத்தான் சார் சொல்லிச்சு. அது சொன்னதை வெளிய வர விடாம பண்ணினது நீங்க. நான் எழுத மாட்டேன்."

அன்று மாலையே குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டுப்போட்ட கையோடு முனிரத்தினம் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கன்னியம்மா.

"ஸ்கிரீன்ல எல்லாம் சரியாத்தான் மேடம் காட்டிச்சு. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்னு சொல்றாங்கோ. இன்னா பண்றதுன்னே தெரியல."

பழி தன்மேல் விழும் என்று பார்த்தால் அடிபட்டவர் தலையிலேயே போட்டிருக்கிறார்கள்! "உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணா" என்று நடந்ததை முழுதாகச் சொன்னாள்.

"பாவி மனுசன், சத்தத்த நிறுத்தறதுக்கு எம் புருசன் கைதான் கெடச்சுதா?" என்று கன்னியம்மா வெடித்தாள்.

விசாரணைக்கு வந்த தொழிற்சாலை ஆய்வாளரிடமும், ஸ்ரீவத்சனை எதிரே வைத்துக்கொண்டே, ஷாயிஸ்தா அதையேதான் சொன்னாள். மறுவாரம் கேபிளைப் பிரித்துப் போட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

ஸ்ரீவத்சனை வேறொரு கிளைக்கு, அதே பதவியில் மாற்றினார்கள். கேக் வெட்டி வழியனுப்பினார்கள். ஷாயிஸ்தா அந்தப் பக்கமே போகவில்லை. விரல்கள் சரியாக மடங்காத முனிரத்தினத்துக்கு ஸ்டோரில் வேலை கிடைக்கும்வரை மேலிடத்தை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இப்போதும் அவளைச் சண்டைக்காரி என்றுதான் ஆபீஸில் சொல்கிறார்கள்.