முழு எடை

கல்குவாரிச் சாலைச் சோதனைச் சாவடியில் அவளைத் தராசக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அரசாங்க வேலை. கல் ஏற்றிய லாரி எடை மேடையில் வந்து நிற்கும். அவள் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எடையைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டை வைத்துத்தான் குவாரி முதலாளி அரசாங்கத்துக்குப் பணம் கட்டுவார். முப்பது டன் கல்லுக்குப் பதினைந்து டன் என்று எழுதுவது அவள் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே நடந்துவந்த ஏற்பாடு. மேலதிகாரி முதல் நாளே காதும் காதும் வைத்தாற்போல் சொல்லிவிட்டார். அவள் ஒரு காசு கை நீட்டி வாங்கியதில்லை. வாங்காத வரைக்கும் தன் மேல் தப்பில்லை என்று நினைத்து ஆறு வருஷம் கண்டும் காணாமல் எழுதினாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு தங்கையை வளர்த்தவள் அவள்தான். தங்கைக்கு வாய் ஓயாது. அதே குவாரியில் லாரி ஓட்டும் ஒரு சாதுவைக் கட்டிக்கொண்டாள். "வீட்டுல ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிடறேன்க்கா" என்பாள். வயிற்றில் பிள்ளை வந்த பிறகு மத்தியானம் தவறாமல் சாவடிக்கு வந்து, காலித் தகரப் பெட்டி மேல் வீங்கிய காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அக்காவின் சாப்பாட்டில் பாதியைத் தின்றபடி ஊர்க்கதை பேசுவாள். லாரிகள் வரிசையில் ஹாரன் அடித்தாலும் அவள் கதை முடிந்தால்தான் சீட்டு.

ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஒரு பிற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அங்கே ஏற்ற இரத்தம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தொலைவு. ஆம்புலன்ஸோ டயர் இல்லாமல் மாதக்கணக்காகச் செங்கல் மேல் நின்றது. புருஷன் லாரியைக் கொண்டுவந்தான். முன்னிருக்கையில் அக்காவின் மடியில் தலை வைத்துக் கிடந்தவள், "அக்கா, ஏதாவது பேசேன், எனக்குத் தூக்கமா வருது" என்றாள். வாழ்நாள் முழுக்கத் தங்கை பேசக் கேட்டே பழகியவளுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை. தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். பாதி வழியில் அந்த உடம்பு கனத்துப்போனது.

எடை குறைந்து பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் கருவி பழுதாகிக் கிடந்தது. குழந்தையும் மூன்றாம் நாள் போய்விட்டது.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன அன்று நர்ஸிடம் அவள் சண்டை போடவில்லை. ஏன் எதுவுமே இல்லை என்று மட்டும் கேட்டாள். நர்ஸ் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்து வைத்தாள். இரத்தம் வைக்கும் குளிர்பெட்டி, டயர், கருவி எல்லாம் கேட்டு மூன்று வருஷம் எழுதிய கடிதங்கள். மூன்றுக்கும் ஒரே பதில்: குவாரி வருவாய் குறைவாக இருப்பதால் இவ்வாண்டு இயலாது.

"குவாரிக் காசுலதான் நமக்குப் பங்கு வரணும். கல்லே கொஞ்சமாத்தான் போகுதாம்" என்றாள் நர்ஸ்.

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பதினைந்து, பதினைந்து என்று எழுதிய தன் கையெழுத்துத்தான் அதில் தெரிந்தது.

மறுநாள் காலையில் முதலில் வந்தது தங்கை புருஷனின் லாரி. முப்பத்தொரு டன். பேனாவை எடுத்தவள் தலை நிமிர்ந்து சொன்னாள்: "முப்பத்தொண்ணுன்னுதான் எழுதப் போறேன் தம்பி. உனக்கு வேலை போனாலும் போகும்."

அவன் இன்ஜினை அணைத்துவிட்டுச் சன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "எழுதுங்கக்கா. இன்னைக்கு மட்டும் எழுதி விட்டுடாதீங்க" என்றான்.

அந்த வாரமே அவனுக்கு வேலை போனது. முதலாளி நேரில் வந்து நயமாகப் பேசிப் பார்த்தார், பிறகு ஆள் விட்டு மிரட்டினார். அவள் பிடிகொடுக்கவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நகல் எடுத்துத் தினமும் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினாள். ஒரு தடியான டிரைவர், "காலையில சாப்பிடாமலே வந்திருக்கலாம் போல, என்னையும் சேர்த்துல்ல எடை போடுறீங்க" என்று அலுத்துக்கொண்டான். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். சிரித்ததும் இதைத் தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பதினாலு மாதம் கழித்து அவளைத் தொலைதூர ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் ஒரு வருஷக் கணக்கு காகிதத்தில் ஏறிவிட்டதால், அடுத்து வந்தவனால் அதைக் குறைத்து எழுத முடியவில்லை. இரண்டு வருஷம் போய் நர்ஸ் போன் செய்தாள். குளிர்பெட்டி வந்துவிட்டது, ஆம்புலன்ஸ் ஓடுகிறது, புதுக் கருவி இரண்டு வந்திருக்கிறது, ராத்திரியிலும் டாக்டர் தங்குகிறார் என்றாள். உங்கள் தங்கை இறந்த அந்த வருஷம் பிரசவத்தில் ஏழு தாய்மாரை இழந்தோம், இந்த வருஷம் ஒரே ஒருத்தி என்றும் சொன்னாள். நல்லது என்று சொல்லி போனை வைத்தவளுக்கு மனம் அந்த ஏழிலேயே நின்றுவிட்டது. தங்கை போவதற்கு முன்பே முழு எடையை எழுதியிருந்தால் அது ஆறாக இருந்திருக்குமே.

தங்கை புருஷன் வேறு ஊரில் பஸ் ஓட்டப் போயிருந்தான். தங்கை இறந்து நாலு வருஷம் கழித்து, அவளிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டு இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண்ணின் பிரசவத்துக்கு அதே சுகாதார நிலையத்துக்குத்தான் கூட்டிவந்தான். தராசக்காவும் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். பிள்ளை பிறந்ததும் அந்தப் பெண்ணுக்கும் இரத்தப்போக்கு. நர்ஸ் பதறாமல் உள்ளே போய்க் குளிர்பெட்டியிலிருந்து இரண்டு பை எடுத்துவந்து மாட்டினாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பெண் கண் திறந்து கஞ்சி கேட்டாள்.

மறுநாள் அவள் குழந்தையை நீட்டி, "போடா, பெரியம்மாகிட்ட போ" என்றாள்.

தராசக்கா வாங்கிக்கொண்டாள். மூன்று கிலோவாவது இருப்பான் என்று கை சொல்லியது. அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தாவில் மெல்ல நடந்தாள். பெரியம்மா என்று முதலில் கூப்பிட்டிருக்க வேண்டிய தங்கை மகளுக்கு இப்போது ஐந்து வயது நடக்கும். அம்மாவைப் போலவே வாயாடியாக இருந்திருப்பாள். குழந்தை சிணுங்கியது. அவள் அவன் காதருகே குனிந்து ஏதேதோ பேசிக்கொண்டே நடந்தாள்.