பத்தாம் வகுப்பு படித்த சூசை

போன செவ்வாய்க்கிழமை காலையில் சூசையின் மகன் டேவிட் போன் செய்தான். "அங்கிள், அப்பா தூக்கத்துலயே போய்ட்டாரு. எங்களையே மறந்துபோற நெலம வர்றதுக்குள்ள ஆண்டவர் கூப்ட்டுக்கினாரு" என்றான். "சரிப்பா" என்றேன். ராயபுரத்தில் சூசையைத் தெரிந்தவர்கள் மாதா கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டதும் அதுதான்: பாவம், கடைசியில் மறதி வந்துவிட்டது. அவனுக்கு ஒரு மறதியும் வரவில்லை. உங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

துறைமுகத்தில் முப்பது வருஷம் ஒரே கப்பல்களில் வேலை பார்த்தோம். நான் சரக்கை எண்ணி எழுதும் கிளார்க். அவன் மேல்தளத்தில் நின்று கிரேன்காரனுக்குக் கை காட்டும் சிக்னல்மேன். ஒருநாள் மூட்டை எண்ணிக்கையில் எனக்கும் கப்பல்காரர்களுக்கும் தகராறு. "இன்னா கிளார்க்கு, நீ டீ குடிக்கப் போனப்ப மூணு தூக்கு எறங்குச்சு. அத்த வுட்டுட்ட" என்றான் சூசை. கிரேன் இறக்கிய எந்தத் தூக்கில் எத்தனை மூட்டை கிழிந்திருந்தது என்பதுவரை சொன்னான். போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தது.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. கையெழுத்தை மட்டும் படம் போடுவதுபோலப் பழகி வைத்திருந்தான். பிள்ளையிடம் பத்தாவது என்று சொல்லியிருந்தான். டேவிட் ரேங்க் கார்டை நீட்டினால் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கணக்குல இன்னும் தேறணும்டா" என்பான். கணக்கில் எல்லாப் பிள்ளைகளும் தேறவேண்டியிருந்ததால் தப்பித்தான். இந்த ரகசியம் அவன் மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அந்த அம்மாவும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் வயதானவர்களுக்கு நினைவாற்றல் பரிசோதனை முகாம் போட்டார்கள். சூசைக்குப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். கல்வி என்ற இடம் வந்தபோது டேவிட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சூசை என்னைப் பார்த்தான். பத்தாம் வகுப்பு என்று எழுதினேன். நானல்லவா தோஸ்து என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஏதாவது ஒரு வரி எழுதச் சொன்னார்கள். "கண்ணாடி கொண்டாரலம்மா" என்றான். கடிகாரம் வரையச் சொன்னார்கள். பென்சில் பிடித்துப் பழகாத கை, வட்டம் கோணிப்போனது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. பத்தாவது படித்தவர் இப்படித் தடுமாறுகிறாரே, மறதி நோயாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சீட்டு கொடுத்தார்கள். டேவிட் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அப்பா வழி மறந்து எங்காவது போய்விடுவார் என்று நேரே கடைக்குப் போய் வீட்டு இரும்புக் கதவுக்குப் பூட்டு வாங்கினான்.

தினமும் மீன்பிடித் துறைமுகம் வரை நடந்துபோய் நாலு பேரிடம் வம்பளந்துவிட்டு வருகிறவன் சூசை. அதோடு எல்லாம் நின்றது. நான் போனால் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவான்.

"நா நல்லாத்தான் கீறேன் கிளார்க்கு. பையன் கைல சொல்லு. நீ படிச்சவன், நீ சொன்னா கேப்பான்."

"விசாரிச்சுட்டேன்டா. படிக்காதவங்களுக்கு வேற மாதிரி கேப்பாங்களாம். நான் எழுதுனது பொய்யின்னு சொல்லிட்டா போதும்."

கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "அத்த மட்டும் சொல்லாத. மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அப்புறம் அவனுக்குச் சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. அதையும் நோய் முற்றுகிறது என்றுதான் வீட்டில் சொன்னார்கள். அவனை அடைத்துவைத்தே சாகடித்தோம்.

புத்தி கெட்டவன் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டவன், படிக்காதவன் என்ற பெயருக்கு அவ்வளவு பயந்தான். அந்தப் பயத்தை அவனுக்குள் யார் வைத்தது? அவனோடு டீ குடித்துக்கொண்டே மற்றவர்களைக் கைநாட்டு என்று கேலி செய்த நாங்கள்தான். அதில் நான் முதல் ஆள்.

அவன் எனக்கென்று விட்டுப்போனது அந்தச் சத்தியம் ஒன்றுதான். அதையும் இப்போது உடைக்கிறேன். டேவிட், உன் அப்பா பள்ளிக்கூடம் போனதே இல்லை. கடைசியாக நான் பார்த்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்றாவதிலிருந்து உனக்குப் பாடம் எடுத்த டீச்சர்கள் பெயரையெல்லாம் வகுப்பு வகுப்பாகச் சொன்னான். ஒரு பெயர்கூட விடவில்லை.