அழுத்தச் சொல்லு

பேசாமல் இருப்பதை எங்கள் வீட்டு ஆண்கள் ஏதோ பெரிய வீரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு முருங்கைமரம். தம்பி தன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அண்ணனை நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டான். முருங்கைமரத்தைத் தாண்டி நாலு எட்டு வைக்க வேண்டிய இடத்துக்குப் போன். தப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக வருஷக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவதா? இருவருக்கும் நடுவில் பிறந்தவள் நான். அதனால் இருவருக்கும் நான்தான் வாய். "மாட்டைப் புடிச்சிக் கட்டச் சொல்லு" என்பார் அண்ணன், தம்பி எதிரிலேயே நிற்பான். நான் சொன்ன பிறகுதான் அவன் காதில் விழும்.

இந்தக் கூத்தை வீட்டோடு வைத்துக்கொண்டால் பரவாயில்லை. அம்மாவுக்கு சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை மலையிறங்கித் திருவண்ணாமலையில் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருமுறை தவறினாலும் கால் வீங்கிவிடும், மூச்சு வாங்கும். தம்பி ஜீப்பை ஓட்டுவான். பல வருஷம் லாரி ஓட்டிய அண்ணன் பின்சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி வருவார். நானும் அம்மாவும் நடுவில்.

அன்று ஜமுனாமரத்தூரைத் தாண்டி செங்கம் பக்கம் இறங்கும்போது கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. கியர் விழவில்லை. தம்பி வண்டியை ஒரு வளைவின் ஓரத்தில் நிறுத்தினான். போன வாரம்தான் ஒரு பட்டறையில் கிளட்சைப் பிரித்து வேலை பார்த்திருந்தார்கள். "ஏரெல்லாம் எடுத்தாச்சுங்க, கல்லு மாதிரி நிக்கும்" என்று அந்த மெக்கானிக் என் எதிரில்தான் சொன்னான். மலைப்பாதையில் நோயாளியை ஏற்றிப் போகிற வண்டி என்று தெரிந்தும் வாய் கூசாமல் சொன்னான். அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணன் அடியில் குனிந்து பார்த்தார். "ஏர் புடிச்சிருக்கு. ஆயில் போற குழாய்ல காத்து நின்னுக்கினா எவ்ளோ மிதிச்சாலும் காத்துதான் அமுங்கும். கிளட்ச் விடாது. எடுத்துடலாம், ரெண்டு ஆளு போதும்" என்றார் என்னிடம்.

ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அடியில் இருப்பவர் ஒரு சின்னத் திருகைத் திறந்தால் எண்ணெயோடு காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது காலை எடுத்தால் வெளிக்காற்று மறுபடி உள்ளே போய்விடும். ஆக, இருவரும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. எங்கள் வீட்டில்!

அண்ணன் ஸ்பேனரோடு அடியில் படுத்தார். தம்பி பெடலில் கால் வைத்தான். நான் கதவோரம் நின்றேன்.

"அழுத்தச் சொல்லு."

"அழுத்தச் சொல்றாருடா."

"விடச் சொல்லு."

"விடச் சொல்றாரு."

அண்ணன் குரல் அவனுக்கு நன்றாகவே கேட்கிறது. அந்தக் குரலுக்குக் காலை அசைத்தால் மானம் போய்விடுமாம். நான் சொல்லும்வரை சிலையாக உட்கார்ந்திருப்பான். அண்ணனோ என்னிடம் சொன்னதுமே அவன் விட்டு மறுபடி அழுத்தியும் ஆயிற்று என்று நினைத்து அடுத்த சுற்றுக்குத் திருகைத் திறந்துவிடுவார். அப்போதுதான் இவன் காலை எடுப்பான். வெளியே போன காற்று அப்படியே திரும்பி உள்ளே.

"கால எடுத்துட்டான். காத்த இஸ்த்துக்கிச்சி பாரு. இன்னா அவசரம்னு கேளு."

"நீ சொன்னப்புறம்தானேக்கா எடுத்தேன். அவுரு இன்னாத்துக்குத் தொறக்கறாருன்னு கேளு."

மறுபடி அழுத்தினார்கள். மறுபடி காற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்களைத் தாண்டிப் போன பஸ்ஸை, இப்போது சரியாகிவிடும் என்று நம்பி விட்டுவிட்டேன். உள்ளே அம்மா சேலையை முழங்காலுக்குத் தூக்கி, வீங்கிய காலை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் பதிந்த குழி மேலே வரவேயில்லை. பெற்றவளின் உயிரை வைத்துக்கொண்டு இவர்கள் ரோஷம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"எழுந்திருடா" என்று தம்பியைத் தோளைப் பிடித்து இழுத்தேன். சேலையைச் செருகிக்கொண்டு நானே ஏறி உட்கார்ந்து மிதித்தேன். அண்ணன் "அழுத்து" என்றார், அழுத்தினேன். "புடிச்சிக்க" என்றார், பிடித்தேன். "விடு" என்றார், விட்டேன். கொஞ்ச நேரத்தில் பெடல் காலை எதிர்த்து நின்றது. அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் பாதிக் காலைப்பொழுதைத் தொலைத்திருந்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவின் முறை தாண்டிவிட்டது. வேறொருவரை மெஷினில் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மதியம் ஒரு இடம் கிடைக்கலாம், காத்திருங்கள் என்றார்கள். அம்மா பெஞ்சில் சாய்ந்துகொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் வெளியே போய் டீ வாங்கி வந்தார். தம்பி ஓர் அடி தள்ளித்தான் நின்றான்.

"அவன் குடிக்கிறானான்னு கேளு" என்றார் என்னிடம்.

நான் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் பேசினாள், விட்டு விட்டு.

"நான் போய்ட்டா முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன் தூக்கணும். ஒரே சமயத்துல தூக்கணும், ஒரே சமயத்துல எறக்கணும். இவ பொம்பள, குழி வரைக்கும் வரமாட்டா. வூட்லயே நின்னுடுவா. அப்ப யார வெச்சிடா பேசிக்குவீங்க?"

அண்ணன் கையில் டீ அப்படியே இருந்தது. தம்பி சுவரைப் பார்த்தான். என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.