அண்ணி தனக்காகச் செய்துகொண்ட வைத்தியம்

மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் அவற்றை வரிசையாக வைத்திருந்தார் அண்ணி. வழுவழுப்பான ஐந்து குழல்கள். முதலாவது சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அடுத்தடுத்து ஒவ்வொன்றும் கொஞ்சம் தடித்துக்கொண்டே போகும். முறத்தில் மோர்மிளகாயோடு படியேறி வந்த என் மாமியார் அவற்றைப் பார்த்துவிட்டு நின்றார். "இன்னா இது, மெழுகுவத்தியா?" என்று கேட்டார். "இல்லம்மா, என் வைத்தியத்துக்கு. கழுவிக் காய வெச்சிருக்கேன்" என்றார் அண்ணி. அத்தைக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து லாட்ஜ் மாடியில் கிரிவலத்துக்கு வந்தவர்கள் நின்றுகொண்டு மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அவசரமாக முறத்தைத் தூக்கித் துண்டின்மேல் கவிழ்க்கப் போனார். மிளகாயெல்லாம் தரையில் சிதறியது. அண்ணி குனிந்து அதைப் பொறுக்கி மறுபடி முறத்தில் போட்டுக் கொடுத்தார். துண்டை மட்டும் மறைக்க விடவில்லை. "காத்து படணும்மா" என்றார்.

அண்ணி என் கணவரின் அக்கா. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் நில அளவைப் பிரிவில் வரைவாளராக வேலை பார்த்தார். நான் மருமகளாக அந்த வீட்டுக்கு வந்தபோது, அவர் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று "பெரியவளுக்கு ஒத்து வரல" என்று மட்டும் எங்களிடம் சொன்னார்கள். தெருவில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ஆண் வாடையே ஆகாது என்றாள் ஒருத்தி. கல்யாணத்துக்கு முன்பே மனசில் யாரோ இருந்திருக்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி. அம்மன் கோவிலில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றினார்கள், காற்று கருப்பு என்று சொல்லி வேப்பிலையும் அடித்தார்கள். ஊரிலேயே ஒரு டாக்டர் "பயப்படாம இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். இன்னொருவர் சின்னதாக ஒரு ஆபரேஷன் செய்து வழியைப் பெரிதாக்கிவிடலாம் என்றாராம். உண்மையில் என்ன நடக்கிறது என்று அண்ணியிடம் யாரும் கேட்டதில்லை.

நானும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று சும்மா கேட்பதுபோல ஆரம்பித்தார். பிறகு தன் கதைக்கு வந்தார். "எனக்கு அவர் மேல ஆசை இல்லாம இல்ல. பக்கத்துல வந்தா சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா அந்த நேரம் வந்தா கீழ தானா இறுகிக்கும். சுவத்துல முட்டுற மாதிரி. மீறினா உயிரு போற வலி." அவர் கைகள் கடலையை உரித்துக்கொண்டேதான் இருந்தன. கணவரைக் கெட்டவர் என்று அண்ணி ஒருநாளும் சொன்னதில்லை. முதல் சில மாதங்கள் அவர் பொறுமையாகத்தான் இருந்திருக்கிறார். அதன் பிறகு தன் வீட்டாரிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணியின் உடம்பு ஊர்ப் பேச்சாகிவிட்டது.

வேலூரில் இதற்கென்று ஒரு லேடி டாக்டர் இருப்பதை செல்போனில் தேடிக் கண்டுபிடித்ததும் அண்ணிதான். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். அத்தையிடம் புடவை எடுக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எதுக்கு? டாக்டருகிட்ட போறேன்னு சொல்லு. திருடவா போறேன்?" என்றார்.

அந்த டாக்டர் சொன்ன முதல் வார்த்தை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "இன்னைக்கு உங்களத் தொட மாட்டேன். பேசிட்டு மட்டும் போங்க." அதைக் கேட்டதும் அண்ணியின் கண்கள் கலங்கிவிட்டன. அத்தனை நாளில் அவர் அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான். கண்ணுக்குக் கிட்டே தூசி வந்தால் நம்மைக் கேட்காமலே இமை மூடிக்கொள்கிறதல்லவா, அதுபோல யோனியைச் சுற்றியிருக்கும் தசைகள் வலியை எதிர்பார்த்துத் தாமாக இறுகிக்கொள்கின்றன என்று டாக்டர் விளக்கினார். அதை வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. குணக்கேடும் இல்லை, அபூர்வமும் இல்லை. வழி சின்னதாக இருப்பதாலும் இல்லை, ஆகவே வெட்டிப் பெரிதாக்க அங்கே ஒன்றும் கிடையாது. பயம் வேண்டாம் என்று தசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். டைலேட்டர் என்ற அந்தக் குழல்களைக் காட்டினார். தசை இப்படி இறுகிக்கொள்வதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர் என்றார். அண்ணி அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "இதுக்கு ஒரு பேரு இருக்குது பாரு" என்றார்.

எங்கள் வீட்டில் கதவு சாத்திக்கொள்ள ஒரு அறை கிடைப்பதே பெரிய பாடு. அண்ணியின் அறைத் தாழ்ப்பாள் சரியாக விழாது. ஆசாரியை அழைத்து வந்து அதை மாற்றினேன். ஆபீஸ் விட்டு வந்து, குளித்து, அண்ணி உள்ளே போய்விடுவார். படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சை ஆழமாக இழுத்து விட வேண்டும். வயிறும் தொடையும் தளர்ந்த பிறகு, வழுக்கலுக்கான ஜெல்லைத் தடவி, இருப்பதிலேயே சின்னதை மெதுவாக வைத்துப் பார்க்க வேண்டும். உடம்பு ஏற்றுக்கொண்டால் சிறிது நேரம் அப்படியே விட வேண்டும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் சமையல் குறிப்பு சொல்வதுபோல என்னிடம் சொல்வார். வெளியே அத்தை கதவைத் தட்டுவார். "கதவ சாத்திக்கினு இன்னாதான் பண்றா?" என்று என்னைக் கேட்பார். டாக்டர் சொன்ன பயிற்சி என்று நான் சொன்னால், தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. முதல் குழல் பழகியதும் அண்ணிக்கு அவசரம் வந்துவிட்டது. ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை முயன்றிருக்கிறார். வலி தாங்காமல் வேர்த்துப்போய் வெளியே வந்தார். அதன் பிறகு பல நாட்கள் பழைய சின்னதைக்கூட உடம்பு ஏற்கவில்லை. மறுபடி வேலூருக்குப் போனோம். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "வலிக்கிற இடத்துல நிறுத்திடணும். நீங்க முரட்டுத்தனம் பண்ணா உடம்பு உங்களையும் நம்பாது. முதல்லேருந்து வாங்க" என்றார். அண்ணி முதலிலிருந்து வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வந்தார். அவருடைய பெரியப்பாவும் ஊர்க்காரர் இரண்டு பேரும் கூட வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். விவாகரத்துக்கு அண்ணியும் சம்மதம்தான். அதனால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அப்போது பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "பொண்ணு குடும்பம் நடத்த லாயக்கில்லன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துட்டா போதும். எங்க பையன் மேல தப்பு இல்லன்னு நாலு பேருக்குத் தெரியணும் பாருங்க." என் கணவர் தரையைப் பார்த்தார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக் குடுத்துடு கண்ணு, விட்டது பீடன்னு போவட்டும்" என்றார்.

அண்ணி எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. ஆபீஸில் வரைபடத்தைக் காட்டி யாருக்காவது விளக்குவதுபோலத்தான் பேசினார்.

"நான் லாயக்கா இல்லையான்னு நீங்க சொல்லாதீங்க. இன்னா நடந்ததுன்னு நான் சொல்றேன். அவர் சேர வர்ற நேரத்துல என் தசை தானா இறுகிக்குது. நானா இறுக்கல. அதுக்குப் பேரு வஜைனிஸ்மஸ். வைத்தியம் இருக்குது, பண்ணிக்கினு இருக்கேன். ஒடம்புக்கு வர்ற மத்த கோளாறு மாதிரிதான் இதுவும். இதுல அவர் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல."

ஊர்க்காரர் ஒருவர் செருப்பு விட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "ஆம்பளைங்க முன்னால பொம்பள பேசற பேச்சா இது?" என்றார்.

"இவ்வளவு நேரம் அதைத்தான் நீங்க பேசிக்கினு இருந்தீங்க. என்னப் பத்தி நீங்க பேசலாம், நான் பேசக் கூடாதா?" என்றார் அண்ணி.

மாப்பிள்ளைதான் முதலில் எழுந்தார். "அப்படி எழுத வேணாம், மனசு ஒத்துப்போகலன்னே போட்டுக்கலாம்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனார். கோர்ட்டிலும் அப்படித்தான் முடிந்தது. லாயக்கில்லை என்ற சொல் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

எல்லாம் முடிந்தபின் அத்தைக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. புருஷனே போய்விட்டான், இனிமேல் யாருக்காக இந்த வைத்தியம், அந்தக் கருமத்தைத் தூக்கிப் போடக் கூடாதா என்பதுதான் அது. நாள் தவறாமல் கேட்டார். அண்ணி ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே பதில் சொன்னார். "உனக்கு முட்டி வலிக்குதுன்னு தைலம் தேய்க்கறியே, யாருக்காகன்னு யாராவது கேட்டாங்களா? இது என் ஒடம்பும்மா. இது பயந்துக்கினு கெடக்க வேணாம்னு நெனைக்கறேன். அவ்வளோதான்." முன்பெல்லாம் குழல்களைக் கழுவித் துடைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர், அதற்குப் பிறகுதான் மாடியில் துண்டு விரித்துக் காயவைக்க ஆரம்பித்தார்.

மழைக்காலத்தில் ஒரு மாலை. நான் அடுப்பில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். அண்ணி ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் நின்றார். "கடைசிது" என்றார். "வலியே இல்ல." கரண்டியை அப்படியே விட்டுவிட்டு நான் அவரைக் கட்டிக்கொண்டேன். களி அடிப்பிடித்துவிட்டது. அத்தை வந்து திட்டினார். நாங்கள் சிரித்தோம், திட்டு அதிகமாக ஆக இன்னும் சிரித்தோம். அடுத்த முறை வேலூருக்குப் போனபோது டாக்டர் அண்ணியை உள்ளே பரிசோதித்தார். முன்பு ஊர் டாக்டரிடம் ஒரு விரலுக்கே மேஜையிலிருந்து துள்ளி எழுந்தவர், பேசிக்கொண்டே படுத்திருந்தாராம்.

இந்தச் செய்தியை உறவுக்காரப் பெண் யாரிடமோ அத்தை சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் அந்தப் பெரியப்பா பழத்தட்டோடு மறுபடி வந்தார். "சரியாயிடுச்சாமே, சந்தோஷம். பையனும் இன்னும் ஒண்டியாத்தான் இருக்கான். பழசெல்லாம் மறந்துட்டு அழைச்சிக்கினு போறோம்" என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அத்தை, "என்ன ஏன் பாக்கறீங்க? அவ வாழ்க்க. அவளக் கேளுங்க" என்றார். அந்த வீட்டில் அண்ணியைப் பற்றி அண்ணியிடமே கேட்கச் சொன்ன முதல் ஆள் அத்தைதான். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். "நான் சரியானதும் கூப்பிடறவருகிட்ட, நாளைக்கு வேற எதுனா ஒடம்புக்கு வந்தா இன்னா பண்றது? வேணாங்க. காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார். பெரியப்பா குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது அண்ணி வேங்கிக்காலில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு தனியாக இருக்கிறார். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் கடைசியில் ஒன்று தவறாமல் கேட்பார்கள்: அப்புறம் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டாரா, குழந்தை உண்டா? நான் பதில் சொல்வதில்லை. அதைச் சொல்லித்தான் அந்த வைத்தியம் பலித்தது என்று காட்ட வேண்டுமா என்ன?

போன மாதம் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் அத்தைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மாள், தன் மகளும் மாப்பிள்ளையும் இன்னும் சேரவில்லை, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் போல என்று அத்தையின் காதோடு சொன்னார். அத்தைக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். விஷயம் விளங்கியதும் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "செய்வினையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கீழ தச இறுகிக்கும். என் பொண்ணுக்கும் இருந்துச்சு. வேலூர்ல டாக்டர் இருக்காங்க, பேரு தரேன் எழுதிக்க." பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார். எதிர் வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தை அவர்கள் இரண்டு பேரையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, இலையைத் தட்டிக் காட்டி, "சாம்பார் ஊத்துப்பா" என்றார்.