ஆடி மாதத்துப் பட்டுப்புடவை

இங்கே இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில், பெண்கள் மருத்துவமனை நர்ஸம்மா எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். என் மனைவி சரோஜா பரிசோதனைக்கு இன்னொரு முறை வரவேண்டுமாம். "தூரம் அதிகம், சிரமந்தான்" என்றார். பஸ்ஸில் பத்து நிமிடம். "எந்த ஸ்டேஷனில் ரயில் மாறணும்?" என்று கேட்டுவைத்தேன். நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து, பாவம், கார் அனுப்பட்டுமா என்றார். என் நகைச்சுவை கடல் தாண்டினால் புகாராகிவிடுகிறது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருந்தபோது, நாலாவதாக உண்டானதும், மூன்று பிள்ளைகளுக்குமேல் வேண்டாம் என்று சரோஜா முடிவெடுத்தாள். கருக்கலைப்பை அனுமதித்து அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. சட்டம் எங்கள் ஊர்வரை வந்தது. டாக்டர் மட்டும் மதராஸிலேயே இறங்கிக்கொண்டார். பஸ், ரயில், மறுபடி பஸ். ஊருக்கு என்ன சொல்வது? என் மூளைதான் பிரசித்தமாயிற்றே: "மதராஸில் கல்யாணம்" என்றேன். பட்டுப்புடவையில் போய்க் கலைத்துவிட்டு வந்தாள். ஒரு வாரத்தில் திரும்ப வந்து காட்டச் சொன்னார்கள். அதற்குள் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. உள்ளூர்க் கம்பவுண்டர் கையை விரித்தார். மறுபடி பட்டு, மறுபடி அதே பொய். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கேட்டாள்:

"இன்னா சரோஜா, மறுபடியும் பட்டு?"

"கல்யாணம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஆடி பொறந்துடுச்சு. ஆடியில எவன்யா தாலி கட்றான்?"

பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் வெளியே எருமைகளை ஆராய்ந்தேன். சரோஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்லக்கா. புள்ள வேணாம்னு கலைச்சுக்கினேன். ஜொரம் கொதிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போறேன். பேசறவங்க அப்பால பேசுங்க. இப்ப இடம் உடு, நிக்க முடியல."

கன்னியம்மா எழுந்து அவளை உட்காரவைத்தாள். "அதுக்கு ஏன்டி பட்டு? இந்தாளு யோசனையா?" மதராஸ்வரை கூடவே வந்தாள், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கினு. இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் எங்கள் பக்கத்துப் பெண்கள் சாதாப் புடவையில் போனார்கள். கேட்டால் ஆஸ்பத்திரி என்றார்கள். தூரம் மட்டும் ஒரு முழம்கூடக் குறையவில்லை.

இன்று லெஸ்டரில் அந்த இரண்டாவது பரிசோதனை. சரோஜா அதே பட்டைக் கட்டி ஓவர்கோட்டை மாட்டினாள்.

"கல்யாணமா?" என்றேன்.

"ஆஸ்பத்திரிதான்யா. எவ கேட்டாலும் அதையே சொல்லு."

பஸ் வந்தது. இடுப்புக்கு மேல் லெஸ்டர்க்காரி. கோட்டுக்குக் கீழே, பனியில் நனைந்தபடி படியேறிய ஜரிகைக் கரை கும்மிடிப்பூண்டி. ஊரில் இப்போது மார்கழி. இதிலும் எவனும் தாலி கட்டமாட்டான்.