கதவுக்கு ஆள் தெரியாது

சென்ற வாரம் பொழுது விடிந்த கையோடு என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். "யாருங்க?" என்றேன். "கூடப் பொறந்தவனுங்க" என்று பதில் வந்தது. செருப்புத் தைக்கும் குப்பனின் குரல். திறந்தேன். "கதவு போயிருச்சுங்கண்ணா" என்றார். தூக்கக் கலக்கத்தில், "எந்தக் கதவுங்க? திருடனா, கரையானா?" என்று கேட்டுவிட்டேன். குப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் உறைத்தது. எங்கள் சங்கத்தில் கதவு என்றால் ஒருவர்தான், மாரப்பன் அண்ணன்.

அம்மாபேட்டையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவர் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள். மீதிப் பேர் அந்தச் சத்தத்தில் தூக்கம் கெட்டவர்கள். ஆனால் சங்கம் பிறந்த கதை எல்லோருக்கும் தெரியாது.

நான் கணக்கு எழுதிவந்த நூல்கடைக்கு முதலாளி செங்கோடன். மலைமேல் தோட்டத் துரைமார்கள் ரகசியமாக ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், அங்கே ஒருவரை ஒருவர் சகோதரன் என்றுதான் அழைப்பார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். சகோதரன் என்பது அவர் மனத்தில் தங்கவில்லை. துரைமார் என்பது தங்கிவிட்டது. நமக்கும் ஒன்று வேண்டும் என்று கிளம்பிவிட்டார். முறை தெரிந்த ஆள் தேவை என்பதால், துரைகளிடம் பட்லராக இருந்து ஊர் திரும்பியிருந்த மாரப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உள்ள என்னடா பண்ணுவாங்க?" என்று கேட்டார் செங்கோடன்.

"தெரியாதுங்க சாமி. நான் கதவுக்கு வெளிய நின்னவன். போறவங்க ஒரு சொல்லுச் சொல்லோணும். சொன்னா உள்ள உடோணும். அம்முட்டுத்தானுங்க நமக்குத் தெரியும்."

ஆக, உலகத்திலேயே வாசல் முறை மட்டும் தெரிந்து, உள்ளே என்ன செய்வது என்று தெரியாத ஒரே சங்கமாக எங்கள் சங்கம் தொடங்கியது. வாசலில் நிற்க மாரப்பன் ஒப்புக்கொண்டார். சொல்லை அவர்தான் வைப்பார், அதைச் சொன்ன யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது நிபந்தனை. செங்கோடன் யோசிக்காமல் தலையாட்டினார். பெயர்ப் பலகை எழுதுகிற அவசரம் அவருக்கு. 'ரகசிய சகோதர சங்கம்' என்று தெருமுனையிலிருந்தே படிக்கும்படி கொட்டை எழுத்தில் எழுதித் தன் கட்டடம் ஒன்றின் வாசலில் மாட்டினார்.

உள்ளே வெறும் வாயை மென்றுகொண்டிருக்க முடியாது என்பதால் ஆட்டையாம்பட்டி முறுக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பத்துப் பேர் முறுக்குக் கடித்தால் வெளியே என்ன கேட்கும்? எலும்பு கடிக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. நாமக்கல் பக்கம் எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் தகப்பனார், "மாப்பிள்ளை எதுக்கும் ஒரு பூசாரியைப் பாக்கட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

ஒழுக்க விதிகளும் வைத்தோம். அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒரு விதி. அது வந்த அன்று வெகுநேரம் ஒருவருக்கும் பேச விஷயமே கிடைக்கவில்லை. துக்க வீட்டுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது இன்னொன்று. எல்லோரும் எல்லோரையும் அண்ணா என்றே அழைக்க வேண்டும் என்பது மூன்றாவது. அத்தர் விற்கும் தாடி நரைத்த ராவுத்தர் என்னை அண்ணா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கே வயதாகிவிட்டதுபோல் இருக்கும்.

மாரப்பன் அண்ணன் வைத்த சொல் உங்களுக்குத் தெரியும். அவர் "யாருங்க?" என்பார். நாம் "கூடப் பொறந்தவனுங்க" என்று அவர் காதோடு சொல்ல வேண்டும். ஆனால் காதோடு சொன்னால் அவருக்குக் கேட்காது. "காது கேக்கலைங்க" என்பார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாலும், "கேக்கலைங்களே சாமி" என்பார். தறி ஓடுகிற தெரு அது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் கதவு திறக்கும். மூன்று மாதத்தில் எங்கள் ரகசியச் சொல் தயிர்க்காரிக்கும் தெரிந்துவிட்டது.

குப்பனுக்கும் தெரிந்தது. ஒருநாள் அவர் நேரே வந்து, மாரப்பன் அண்ணன் முன்னால் நின்று, கணீரென்று சொல்லைச் சொன்னார். கதவு திறந்தது. குப்பன் உள்ளே வந்ததும் முறுக்குச் சத்தம் நின்றது. தலைவராக வீற்றிருந்த செங்கோடன் எழுந்துவிட்டார்.

"யாரைடா உள்ள உட்டே?"

"சொல்லைச் சரியாச் சொல்லிப்போட்டாருங்க."

"ஆளு யாருன்னு பாக்க மாட்டியா?"

"நான் கதவுங்க. கதவுக்கு ஆளு தெரியாதுங்க. சொல்லுத்தான் தெரியும்."

குப்பனை அனுப்பு, இல்லாவிட்டால் நான் போகிறேன் என்றார் செங்கோடன். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். கட்டடம் அவருடையது, எனக்குச் சம்பளமும் அவருடையது. ராவுத்தர்தான் முறுக்குத் தட்டைக் குப்பன் பக்கம் நகர்த்தி, "எடுத்துக்கங்கண்ணா" என்றார். செங்கோடன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சங்கம் அன்றோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆனாலும் பழக்க தோஷத்தில் அடுத்த வாரமும் கூடியிருந்தோம். வெளியே பேச்சுக் குரல். வீட்டில் இருந்துபார்த்துப் பொழுது போகாமல் செங்கோடன் வந்திருந்தார்.

"யாருங்க?"

"நான்தான். செங்கோடன். தொற."

"காது கேக்கலைங்க."

"என்ற கட்டடம்டா இது."

"கேக்கலைங்களே சாமி."

இப்படியே நடந்தது. உள்ளே நாங்கள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுத் தறி நின்றது. அடுத்த வீட்டுத் தறியும் நின்றது. தெருவே காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவனுங்க" என்று ஒரு கத்துக் கத்தினார். கதவு திறந்தது. எங்கள் எல்லோருக்கும் முந்திக்கொண்டு குப்பன், "வாங்கண்ணா" என்றார். செங்கோடன் உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்துக் குப்பன் பக்கமிருந்த தட்டிலிருந்து முறுக்கு எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தம் எனக்கு நாதசுரம்போல் கேட்டது.

அன்று வீடு திரும்பும்போது மாரப்பன் அண்ணன் எனக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு நிஜமாகவே காது கேட்காதா என்று எனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டேன். அவர் திரும்பாமலே சொன்னார்: "வாரத்துல ஒருநாளு மட்டும் கேக்காதுங்க."

ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். எதற்காக இந்த வேஷம் என்று கேட்டேன். "மலை மேல உள்ளார எல்லாரும் அண்ணன் தம்பியாமுங்க. நான் வெளிய அவங்க கொடையைப் புடிச்சுக்கிட்டு மழைல நிப்பேன். கொடையை விரிக்கப்படாதுன்னு உத்தரவு. அப்ப நெனச்சனுங்க, அந்தச் சொல்லைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருந்தா ஊருக்கே கேட்டிருக்குமேன்னு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்ற வாரம் நாங்கள் போனபோது அவருடைய வீட்டு வாசலில் பாடை தயாராக இருந்தது. பெண்டு பிள்ளை இல்லாத மனிதர். சடங்கு செய்ய வந்த பெரியவருக்கு எங்களைத் தெரியாது. "தோள் கொடுக்கோணுமுங்க. கூடப் பொறந்தவங்க யாருங்க?" என்று கேட்டார்.

எழுபதைத் தாண்டி, தடியூன்றி நடக்கும் செங்கோடன் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "கூடப் பொறந்தவனுங்க" என்றார். பிறகு சற்று நேரம் காத்திருந்தார். காது கேக்கலைங்க என்று யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் அவர் உடைந்து அழுதார். தடியை என்னிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் ஒரு தோள் கொடுத்தார். மறு தோள் குப்பனுடையது.

மாரப்பன் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் காதுதான். இப்போது அந்த வாசலில் நான் நிற்கிறேன். இன்னாரை உள்ளே விடாதே என்று இன்றைக்கும் யாராவது வந்து என்னிடம் ஓதுகிறார்கள். எனக்குக் கேட்பதில்லை.